ஹூஸ்டன் சபர்புக்கு குடி வர்றீங்களா? வீட்டப் பாக்குறதுக்கு முன்னாடி ஃப்ரீவேயப் பாருங்க

ஊர்ல இருந்தோ சிங்கப்பூர், துபாய்ல இருந்தோ ஹூஸ்டன்ல வேலை கிடைச்சு வர்றவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி கேட்டி நல்லாருக்குமா சுகர்லேண்ட் நல்லாருக்குமான்னுதான். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பேர்லேண்டும் நல்லாருக்கு, சைப்ரஸும் நல்லாருக்கு. ஆனா முதல்ல கேக்க வேண்டியது அது இல்ல. உங்க ஆபீஸ் எந்த ஃப்ரீவே பக்கத்துல இருக்கு, காலைல ஏழரை மணிக்கு அந்த ஃப்ரீவே எந்தப் பக்கமா நகராம நிக்குது, அதுதான் முதல்ல தெரியணும். இந்த ஊர்ல யாரும் தூரத்த மைல்ல சொல்ல மாட்டாங்க, நிமிஷத்துலதான் சொல்வாங்க, அந்த நிமிஷமும் காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணு.

எல்லா ஆபீஸும் டவுன்டவுன்லதான் இருக்கும்னு நெனச்சு வராதீங்க, இங்க வேலை ஊர் முழுக்க சிதறிக் கிடக்கு. எண்ணெய் கம்பெனிங்க நெறைய இருக்கிற எனர்ஜி காரிடார் மேற்கால ஐ-10 ஃப்ரீவே ஓரமா இருக்கு, அங்க வேலைன்னா கேட்டி, சின்கோ ராஞ்ச் பக்கம் பாருங்க. மெடிக்கல் சென்டர்னா 288-ம் நம்பர் ஃப்ரீவேல நேரா வர்ற பேர்லேண்ட், இல்லன்னா மிசோரி சிட்டி. எக்ஸான் கேம்பஸ் வடக்கால ஸ்ப்ரிங்ல இருக்கு, அவங்களுக்கு ஸ்ப்ரிங், தி உட்லண்ட்ஸ். நாசான்னா தென்கிழக்கு, க்ளியர் லேக், லீக் சிட்டி. கேலரியா, வெஸ்ட்சேஸ் பக்கம் ஆபீஸ்னா 59-ஐப் பிடிச்சு வர்ற சுகர்லேண்ட் சரியா வரும். பேர்லேண்ட்ல மீனாட்சி கோயில் இருக்குன்னு ஆசப்பட்டு அங்க வீடு எடுத்துட்டு, தினம் கேட்டி தாண்டி வேலைக்குப் போறதெல்லாம் ஒரு மாசத்துல கசந்துரும், கோயிலுக்கு ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டிட்டுப் போய்க்கலாம்.

வீட்டு அட்ரஸையும் ஆபீஸ் அட்ரஸையும் கூகுள் மேப்ல போட்டு, செவ்வாயோ புதனோ காலைல எட்டு மணிக்குப் போய்ச் சேரணும்னு டைம் செட் பண்ணிப் பாருங்க, 35 நிமிஷத்துல இருந்து 70 நிமிஷம்னு ஒரு கணக்கு காட்டும், அதுல பெரிய நம்பரத்தான் எடுத்துக்கணும். சாயங்காலம் அஞ்சரைக்குத் திரும்பி வர்றதையும் அதே மாதிரி பாருங்க. ரோடு பெருசா இருக்கே ட்ராஃபிக் இருக்காதுன்னு சிலர் நெனக்கிறாங்க. கேட்டி ஃப்ரீவேய அகலப்படுத்தி 2008-ல முடிச்சாங்க, பக்கத்துல ஓடுற ஃபீடர் ரோடையும் சேத்து எண்ணினா சில இடத்துல 26 லேன் வரும், அதுவும் நிக்கத்தான் செய்யுது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலைன்னா, ஒருத்தருக்கு 20 நிமிஷம் இன்னொருத்தருக்கு 75 நிமிஷம்னு எடுக்காம ரெண்டு பேருக்கும் 40-க்குள்ள வர்ற மாதிரி பாருங்க. ஸ்கூல்ல இருந்து பிள்ளைக்கு காய்ச்சல்னு போன் வந்தா யாரால சீக்கிரம் போக முடியும்ங்கிறதையும் இப்பவே யோசிச்சுருங்க.

பஸ் கதைய சுருக்கமா சொல்லிடறேன். டவுன்டவுன்ல வேலைன்னா கேட்டி மாதிரி சில இடத்துல பார்க் அண்ட் ரைடு இருக்கு, வண்டிய அங்க விட்டுட்டு மெட்ரோ பஸ்ல போகலாம், அது எச்ஓவி லேன்ல, அதாவது ஆள் நெறைய இருக்கிற வண்டிக்குன்னு ஒதுக்கின லேன்ல போறதால உண்மையிலேயே நல்லா இருக்கும். சுகர்லேண்ட் அந்த மெட்ரோ பஸ் ஓடுற ஏரியாவுலயே வராது, அங்க ஃபோர்ட் பெண்ட் கவுன்டி பஸ் காலைலயும் சாயங்காலமும் ஆபீஸ் போறவங்களுக்காக ஓடுது. மத்தபடி பால் வாங்கவே கார் வேணும். நடக்க பாதையெல்லாம் அழகா போட்டிருப்பாங்க, அது காலனிக்குள்ளயே சுத்தி நம்ம வீட்டு வாசல்லயே கொண்டுவந்து விட்டுரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்லயே முடிக்க வேண்டியது

மூணு வேலை. முதல்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், இத நம்ம ஊர் ஆர்டிஓலதான் வாங்கணும், ஒரு வருஷம் செல்லும், இங்க வந்தப்புறம் இந்திய லைசென்சுக்கு இங்க யாரும் தர மாட்டாங்க, ஆன்லைன்ல விக்கிறவன்ட்டலாம் ஏமாறாதீங்க. மனைவிக்கும் சேத்து வாங்குங்க, இத நெறைய பேர் விட்டுடறாங்க. ரெண்டாவது, பிள்ளைங்களோட தடுப்பூசி ரெக்கார்ட். டெக்சாஸ் ஸ்கூல்ல சின்னம்மைக்கும் ஹெபடைட்டிஸ் ஏ-க்கும் ரெண்டு ரெண்டு டோஸ் கேப்பாங்க, நம்ம ஊர் அரசு அட்டவணைல இது ரெண்டும் கிடையாது, தனியார்ல போட்டிருந்தாத்தான் உண்டு. டாக்டர்ட்ட போய் விடுபட்டத போட்டு, தேதியோட இங்கிலீஷ்ல எழுதி கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு வாங்க. மூணாவது, பிள்ளைங்க ஸ்கூல் டிசியும் மார்க் ஷீட்டும்.

இன்னொண்ணு, ஏர்போர்ட்ல இறங்குனதுமே பிள்ளைங்களுக்குன்னு தனியா மாட்டுற கார் சீட் வேணும். டெக்சாஸ் சட்டப்படி 8 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க, நாலடி ஒன்பது இன்ச் உயரம் வரலன்னா, சீட்லதான் உக்காரணும். கூப்புட வர்ற நண்பர்ட்ட முன்னாடியே சொல்லி வைங்க. இன்டர்கான்டினென்டல் ஏர்போர்ட் வடக்குல இருக்கு, அங்க இருந்து கேட்டி, சுகர்லேண்ட் வர 40 மைல் பக்கம் வரும், அவ்வளவு தூரம் குழந்தைய மடியில வெச்சுட்டு வர முடியாது.

வெள்ளம்

வாடகை, ஸ்கூல் ரேட்டிங், கிச்சன் கவுன்டர்டாப் எல்லாம் பாத்துட்டு இத மட்டும் பாக்காம கையெழுத்து போடறவங்கதான் அதிகம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மேற்கு ஹூஸ்டன்ல ஆடிக்ஸ், பார்க்கர்னு ரெண்டு ரிசர்வாயர் இருக்கு, 1940-கள்ல ராணுவ எஞ்சினியர்கள் கட்டினது. ரிசர்வாயர்னதும் நம்ம ஊர் ஏரி மாதிரி தண்ணியோட இருக்கும்னு தேடாதீங்க, சாதாரண நாள்ல அது காஞ்ச காடும் பார்க்குமாத்தான் இருக்கும், ஜார்ஜ் புஷ் பார்க்ல வாக்கிங் போறவங்க நடக்குறதே பார்க்கர் ரிசர்வாயருக்குள்ளதான். 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ தண்ணி அரசாங்க நிலத்தத் தாண்டி பின்னாடி இருந்த வீடுகளுக்குள்ள ஏறிடுச்சு. அதுல நெறைய வீடு ஃபீமா (மத்திய அரசோட பேரிடர் துறை) மேப்ல நூறு வருஷ வெள்ளப் பகுதியிலயே, அதாவது ஒரு வருஷத்துல வெள்ளம் வர நூத்துல ஒரு வாய்ப்பு இருக்கிற இடத்துலயே கிடையாது. அதனால "ஃப்ளட் சோன் இல்ல"ன்னு ஏஜென்ட் சொன்னா அது பாதி பதில்தான். ஃபீமா மேப் ஒண்ணு பாருங்க, ஹாரிஸ் கவுன்டியா இருந்தா அந்தக் கவுன்டி ஃப்ளட் கன்ட்ரோல் ஆபீஸோட மேப் ஒண்ணு பாருங்க, அதோட இந்த வீடு ரிசர்வாயர் ஃப்ளட் பூலுக்குள்ள, அதாவது ரிசர்வாயர் நிரம்பினா தண்ணி தேங்குற இடத்துக்குள்ள வருதான்னு தனியா கேளுங்க.

வாடகை வீட்டுக்கு 2022-ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, வீடு நூறு வருஷ வெள்ளப் பகுதில இருக்கான்னும் கடைசி அஞ்சு வருஷத்துல தண்ணி புகுந்துச்சான்னும் ஓனர் எழுத்துல தரணும். அஞ்சு வருஷம்ங்கிறத கவனிங்க, ஹார்வி அதுக்குள்ள இப்ப வராது! ஃபார்ம்ல "இல்ல"ன்னு டிக் அடிச்சிருக்கிறது உண்மையாவே இருக்கலாம், ஆனா 2017-ல இடுப்பு வரைக்கும் தண்ணி நின்ன வீடாவும் இருக்கலாம். "ஹார்வில என்னாச்சு"ன்னு இமெயில்ல கேட்டு இமெயில்ல பதில் வாங்குங்க. பக்கத்து வீட்டுக்காரங்கட்ட கேட்டா இன்னும் நல்லது, நாய் கூட்டிட்டு நடக்குறவங்க யார்ட்ட கேட்டாலும் நிறுத்தி நிதானமா சொல்வாங்க.

அதோட சாதாரண வீட்டு இன்சூரன்ஸோ வாடகைக்காரங்க எடுக்குற ரென்டர்ஸ் இன்சூரன்ஸோ வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ள இன்சூரன்ஸ் தனி, வாடகைக்கு இருக்கிறவங்களும் வீட்டுப் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். அரசாங்கத் திட்டத்துல எடுத்தா பொதுவா 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், டிவில புயல் படம் காட்டும்போது எடுத்துப் பிரயோஜனம் இல்ல. புயல் சீசன் ஜூன் 1-ல ஆரம்பம், அதனால ஏப்ரல்லயே முடிச்சுருங்க.

கரன்ட்

நம்ம ஊர்ல இபின்னு ஒண்ணே ஒண்ணு, பில் வந்தா கட்டுவோம். இங்க ஏரியாவப் பொறுத்து கம்பெனிய நாமளே தேர்ந்தெடுக்கணும். கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சென்டர்பாயின்ட்டோடது, கரன்ட் விக்கிறவங்க வேற வேற ஆளுங்க. பவர் டு சூஸ்னு மாநில அரசோட சைட் இருக்கு, பின்கோடு போட்டா பிளான் வரிசையா வரும், மேல வர்றது எப்பவும் ரொம்ப சீப்பா இருக்கும், அங்கதான் சூட்சுமம். அந்த ரேட் சரியா 1000 யூனிட் எரிச்சா மட்டும் வர்ற ரேட். 1000 தொட்டா இவ்வளவு டாலர் கழிவுன்னு வெச்சிருப்பாங்க, 990-ல நின்னா கழிவு கிடையாது, பில் எகிறும். கோடைல ஏசி ஓடி 2000 தாண்டும், ஜனவரில 600-தான் வரும், ஒரே வீடுதான். அதனால எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்னு ஒரு பேப்பர் இருக்கும், அதுல 500, 1000, 2000 யூனிட்டுக்கு தனித்தனியா ரேட் போட்டிருக்கும், மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற பிளானா எடுங்க. மாசா மாசம் ரேட் மாறுற பிளான் பக்கமே போகாதீங்க, 2021 பிப்ரவரி பனில மொத்த மார்க்கெட் விலைக்கு ஏத்த மாதிரி மாறுற பிளான் வெச்சிருந்தவங்களுக்கு ஆயிரக்கணக்குல டாலர் பில் வந்துச்சு, அந்த வகை பிளான வீடுகளுக்கு விக்கக் கூடாதுன்னு அதே வருஷம் தடை பண்ணிட்டாங்க. கான்ட்ராக்ட் ஜூலை ஆகஸ்ட்ல முடியாத மாதிரியும் பாத்துக்கோங்க. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்க கடன் வாங்கிக் கட்டின பதிவு இல்லாததால டெபாசிட் கேப்பாங்க, அது சகஜம். தி உட்லண்ட்ஸ்ல நெறைய இடத்துல என்டர்ஜின்னு ஒரே கம்பெனிதான், அங்க போறவங்களுக்கு இந்தப் பத்தி தேவையே இல்ல.

2024 ஜூலைல பெரில் புயல் வந்தப்போ ஹூஸ்டன் ஏரியால 20 லட்சத்துக்கும் மேல கனெக்‌ஷன் போயிடுச்சு, சில இடத்துல ஒரு வாரத்துக்கும் மேல கரன்ட் இல்ல, அந்த வெயில்ல. வந்த மொத வருஷமே ஜெனரேட்டர் வாங்கணும்னு இல்ல, பவர் பேங்க், டார்ச், குடிதண்ணி, கார்ல முக்கால் டேங்க் பெட்ரோல், இது போதும்.

ஸ்கூல்

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் (பேருல ஐஎஸ்டின்னு வரும்) ஊர் பேரும் ஒண்ணு கிடையாது. கேட்டின்னு போஸ்டல் அட்ரஸ் இருக்கிற வீடு கேட்டி ஐஎஸ்டில வரணும்னு இல்ல, சைஃபேர் ஐஎஸ்டில வர்றதும் உண்டு. சபர்ப் வேகமா வளர்றதால எல்லையையும் அப்பப்ப மாத்துவாங்க. புது காலனின்னா பக்கத்து ஸ்கூல் நிரம்பி, பிள்ளைய அடுத்த ஸ்கூலுக்கு பஸ்ல அனுப்புறதும் நடக்கும். வீட்டு விளம்பரத்துல போட்டிருக்கிற ஸ்கூல் பேர நம்பாம, டிஸ்ட்ரிக்ட் சைட்ல வீட்டு நம்பரோட தேடிப் பாருங்க, முடிஞ்சா ஸ்கூலுக்கு போன் பண்ணி இந்த வருஷம் அந்த கிரேடுல இடம் இருக்கான்னும் கேளுங்க.

செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு 5 வயசு முடிஞ்சிருந்தா கிண்டர்கார்டன். நாலு வயசுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பேசவோ புரியவோ வரலன்னா கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பான அரசு ப்ரீ-கே இலவசமா கிடைக்க வாய்ப்பு இருக்கு, இது தெரியாம மாசாமாசம் டேகேருக்கு கொட்டிக் குடுக்கிற நம்ம ஆளுங்க நெறைய. சேக்கும்போது வீட்ல என்ன மொழி பேசுறீங்கன்னு ஒரு ஃபார்ம் வரும், தமிழ்னு எழுதினா பிள்ளைய தனியா ஒதுக்கிருவாங்களோன்னு பயந்து இங்கிலீஷ்னு எழுதறாங்க. தமிழ்னே எழுதுங்க. ஒரு டெஸ்ட் வெப்பாங்க, இங்கிலீஷ் வந்தா சாதாரணமா விட்டுடுவாங்க, வரலன்னா கூடுதலா சொல்லிக் குடுப்பாங்க, இதுல நமக்கு என்ன நஷ்டம்?

லைசென்சும் காரும்

புதுசா குடி வந்தவங்க ஊர் லைசென்ஸ வெச்சு 90 நாள் வரைக்கும் ஓட்டலாம். அதுக்குள்ள டெக்சாஸ் லைசென்ஸ் வாங்கணும், அதுக்கு அப்ளை பண்ண டெக்சாஸ்ல 30 நாளாவது இருந்திருக்கணும், ஆக நடுவுல ரெண்டு மாசம்தான் டைம். லைசென்ஸ் தர்ற மாநில ஆபீஸான டிபிஎஸ்ல அப்பாயின்ட்மென்ட் வாரக்கணக்குல தள்ளிக் கிடைக்கும், வந்த மொத வாரமே புக் பண்ணி வைங்க. கனடா, ஜெர்மனி, தென்கொரியா மாதிரி சில நாட்டு லைசென்சுக்குத்தான் டெஸ்ட் இல்லாம மாத்தித் தருவாங்க, இந்தியா, சிங்கப்பூர் லைசென்சுக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டுற தேர்வும் உண்டு. வயசு 25-க்குக் கீழன்னா ஆறு மணி நேர கோர்ஸும் முடிக்கணும். பாஸ்போர்ட், விசா பேப்பர், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), அட்ரஸுக்கு ரெண்டு ப்ரூஃப் வேணும், அதனால வீட்டு அக்ரிமென்ட், கரன்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்துலயும் பேரும் அட்ரஸும் ஒரே மாதிரி இருக்கட்டும். எச்4-ல (எச்1பி-ல வேலைக்கு வர்றவங்களோட கணவன், மனைவி, பிள்ளைங்க விசா) வர்றவங்களுக்கு எஸ்எஸ்என், அதாவது சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடைக்கலன்னா இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு அப்ளை பண்ணலாம், அதனால நிக்காது. கரன்ட் பில்லுலயும் அக்ரிமென்ட்லயும் மனைவி பேரையும் சேத்துருங்க, அவங்களுக்கும் ப்ரூஃப் வேணும்ல. ஓட்டிக் காட்டுற டெஸ்ட்ட அனுமதி வாங்கின டிரைவிங் ஸ்கூல்லயும் குடுக்கலாம், காசு கூட ஆகும், ஆனா சீக்கிரம் முடியும். பேரலல் பார்க்கிங் கண்டிப்பா வரும்.

ஊர்ல இருபது வருஷம் ஓட்டினவங்களும் ரெண்டு மூணு கிளாஸ் போங்க. வலது பக்கம் ஓட்டுறது ரெண்டு நாள்ல பழகிரும், பழகாதது வேற. நாலு பக்கம் ஸ்டாப் போர்டு இருந்தா யார் முதல்ல வந்தாங்களோ அவங்க முதல்ல போகணும், யாருமே இல்லன்னாலும் சக்கரம் முழுசா நிக்கணும். சிவப்பு சிக்னல்ல நின்னு பாத்துட்டு வலது பக்கம் திரும்பலாம், கூடாதுன்னு போர்டு இருந்தா திரும்பக் கூடாது. ஸ்கூல் பஸ் சிவப்பு லைட் அடிச்சு நின்னா எதிர்ப்பக்கம் வர்ற நீங்களும் நிக்கணும், நடுவுல மீடியன் இருந்தா மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு, இதுக்கு ஃபைன் பயங்கரமா இருக்கும். ஃப்ரீவேல எக்ஸிட் விட்டுட்டா பதறி லேன் மாறாதீங்க, அடுத்த எக்ஸிட்ல இறங்கினா பாலத்துக்கு அடில யூடர்ன் லேன் இருக்கும், சிக்னல் இல்லாமலே திரும்பிடலாம்.

டோல் ரோட்ல காசு வாங்குறதுக்கு ஆளே இருக்க மாட்டாங்க. ஈசி டேக் வாங்கி ஒட்டுங்க, இல்லன்னா பில் வீட்டுக்கு வரும், அட்ரஸ் மாறி அந்தக் கடிதம் கைக்கு வரலன்னா அபராதம் ஏறிட்டே போகும். வாடகைக் கார்ல டோல் எடுத்தா கம்பெனி தனியா ஒரு சார்ஜும் போடும், மொத வாரம் மேப்ல டோல் வேண்டாம்னு செட் பண்ணிக்கோங்க.

மொத கார் பழசா எடுங்க. கிரெடிட் இல்லாம புதுக் காருக்கு லோன் போனா வட்டி தீட்டிருவாங்க. பழைய கார்ல இங்க பெரிய பயம் தண்ணில மூழ்கின கார், ஹார்விக்கு அப்புறம் லட்சக்கணக்குல அப்படி இருந்துச்சு, வேற மாநிலத்துக்குப் போய் பேப்பர் சுத்தமாகி திரும்பி வர்றதும் உண்டு. காரோட பழைய வரலாறு காட்டுற கார்ஃபாக்ஸ் ரிப்போர்ட் பாருங்க, அதோட சீட்டுக்கு அடில கார்ப்பெட்ட தூக்கிப் பாருங்க, ஸ்பேர் டயர் குழில சேறு, சீட் போல்ட்ல துரு, ஏர் ஃப்ரெஷ்னர் வாசனைக்கு நடுவுல ஈர நாத்தம் எதுனா இருந்தா பேரம் பேசாம கிளம்பிருங்க. தனி ஆள்ட்ட வாங்கினா பணம் குடுக்குற அன்னைக்கே அவரையும் கூட்டிட்டு கவுன்டி டாக்ஸ் ஆபீஸ் போய் டைட்டில் (கார் யாருதுன்னு சொல்ற பத்திரம்) மாத்துங்க, 6.25 சதவீதம் வரி. நண்பர்தானேன்னு விலைய ரொம்ப குறைச்சு எழுதினாலும் மாநிலம் வெச்சிருக்கிற மதிப்புல 80 சதவீதத்துக்கு வரி போட்டுருவாங்க. 2025-ல இருந்து வருஷாந்திர சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, ஆனா ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், மான்ட்கோமரி, பிரசோரியா கவுன்டில புகை டெஸ்ட் இன்னும் இருக்கு.

இன்சூரன்ஸ்ல சட்டம் கேக்குறது 30/60/25 தான், அதாவது நம்ம தப்புல ஒருத்தருக்கு அடிபட்டா 30 ஆயிரம், ஒரு விபத்துக்கு மொத்தம் 60 ஆயிரம், அடுத்தவன் வண்டிக்கு 25 ஆயிரம் டாலர். இந்த ஊர்ல ஓடுற பிக்கப் டிரக்குங்க விலையப் பாத்தீங்கன்னா 25 ஆயிரம் எந்த மூலைக்கு? கூட்டிப் போடுங்க, எதிராளிக்கு இன்சூரன்ஸ் இல்லாட்டி நமக்குக் கிடைக்கிற கவரேஜையும் விடாதீங்க.

வீட்ல இருக்கிறவங்க

ஒரு காரும் ஒரு லைசென்சுமா குடித்தனம் ஆரம்பிச்சா, காலைல ஏழு மணிக்கு அந்தக் கார் கேரேஜ விட்டுப் போனதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் வீட்ல இருக்கிறவங்க அடைச்சு வெச்ச மாதிரிதான், அதுவும் எச்4-ல வேலை பாக்க முடியாம இருக்கிறவங்களுக்கு அந்த மொத ஆறு மாசம் ரொம்பக் கொடுமை. "அப்புறம் பாத்துக்கலாம்"னு புருஷன் சொல்வாரு, அந்த அப்புறம் வராது. ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல டிபிஎஸ் அப்பாயின்ட்மென்ட் போடுங்க. ரெண்டாவது கார் வர்ற வரைக்கும் மொத வருஷம் தனி வீட்டுக்கு ஆசப்படாம, எலிமென்டரி ஸ்கூலும் ஒரு கடையும் நடக்கிற தூரத்துல இருக்கிற அப்பார்ட்மென்டா பாருங்க, ஸ்கூல் வாசல்ல நிக்கிற மத்த அம்மாங்கதான் மொத நட்பே.

அங்க ஒரு வருஷம் இருந்து பாத்துட்டு வீடு வாங்கலாம். வாங்கும்போது விலையவும் வட்டியவும் மட்டும் பாக்காதீங்க, டெக்சாஸ்ல மாநில வருமான வரி இல்லாததுக்கு சேத்து ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல வாங்கிருவாங்க. புது காலனிங்கள்ல தண்ணி, சாக்கடை போட்ட கடனுக்கு மட் டாக்ஸ் தனி, அதையும் சேத்தா மொத்தம் வருஷத்துக்கு வீட்டு மதிப்புல 2.5, 3 சதவீதம்கூடப் போகும், காலனி சங்கத்துக்குக் கட்டுற எச்ஓஏ அது தனி. வீடு வாங்கிட்டா டிரைவிங் லைசென்ஸ்ல அந்த வீட்டு அட்ரஸ மாத்திட்டு ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷனுக்கு (சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கான வரிச் சலுகை) அப்ளை பண்ணுங்க, அட்ரஸ் ஒத்துப் போகலன்னா திருப்பி அனுப்பிருவாங்க. வருஷா வருஷம் மதிப்பு போட்டு லெட்டர் வரும், ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா பொதுவா மே 15-க்குள்ள ப்ரொடெஸ்ட் பண்ணணும், அதுக்கு ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயே பண்ணலாம். வாடகை அக்ரிமென்ட மட்டும் ஜூன் இல்ல ஜூலைல முடியிற மாதிரி போட்டுக்கோங்க, ஸ்கூல் லீவுல வீடு மாறிடலாம், பிள்ளைங்களுக்கு நடு வருஷத்துல ஸ்கூல் மாறாது.